ஒரு மீட்டர் நீளமுள்ள செல்

பள்ளிக்கூட அறிவியல் நூலில் நாம் எல்லோரும் வரைந்து பாகங்களைக் குறித்த நரம்புச் செல்லின் படம் நினைவிருக்கும். நட்சத்திர வடிவில் ஒரு தலை, அதைச் சுற்றிக் கிளைகிளையாகச் சில நீட்சிகள், ஒரு பக்கத்திலிருந்து இறங்கும் வால், வாலின் மேல் துண்டுதுண்டாக ஓர் உறை, கடைசியில் சிறு குமிழ்களாகப் பிரியும் நுனி. பாகங்கள் அனைத்தும் சரியாகவே இருக்கின்றன. அளவு மட்டும் உண்மைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஒரு பக்கத்திற்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அந்த வாலை வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள். செவிலியர் பயிற்சி மாணவியருக்கு உடற்கூறு கற்பிக்கத் தொடங்கிய பிறகு, நரம்புகளைப் பற்றி மனத்தில் படிந்துவிடும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்தச் சுருக்கத்திலிருந்தே பிறக்கின்றன என்பதை வகுப்புதோறும் காண்கிறேன்.

உண்மையான அளவைச் சொல்கிறேன். கால் விரலை அசைக்கும் தசைக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்புச் செல்லின் உடல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து புறப்படும் ஆக்சான் என்னும் நீட்சியோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடிப் பாதத்தை அடைகிறது. செல்லின் உடலை ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் ஆக்சான் பென்சில் பருமனில் அரைக் கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கும். இது முழுவதும் ஒரே செல்; ஒரே சவ்வால் சூழப்பட்டு, ஒரே உட்கருவால் ஆளப்படுவது. நரம்புச் செல்லின் அமைப்பில் நாம் காணும் ஏறக்குறைய ஒவ்வொன்றும், அதாவது உறை, கணு, உள்ளே நடக்கும் போக்குவரத்து, துணைச் செல்கள், சுற்றியிருக்கும் திசுப் போர்வைகள் எல்லாமும், இந்த நீளத்தைத் தாங்குவதற்கான ஏற்பாடுகள்தாம் என்று நான் கருதுகிறேன். நீளத்தை மனத்தில் வைத்துப் படித்தால் பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

முதலில் செல்லின் உடல். சைட்டான் என்று பாடநூல்கள் குறிப்பிடும் இப்பகுதியில்தான் உட்கரு இருக்கிறது. புரதங்களை உருவாக்கும் நிசில் துகள்களும் இங்கேதான் செறிந்திருக்கின்றன. டெண்ட்ரைட்டுகள் என்னும் குறுங்கிளைகள் பிற நரம்புச் செல்களிடமிருந்து செய்தியை வாங்குகின்றன. ஒரு செல்லின் டெண்ட்ரைட்டுகளிலும் உடலிலும் ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்து முடியக்கூடும். வாங்கிய செய்திகள் அனைத்தின் கூட்டு விளைவாக, ஆக்சான் தொடங்கும் மேட்டுப் பகுதியில் மின் துடிப்பு ஒன்று எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். எழும்பிவிட்டால் அது இடையில் வலுக்குறையாமல் நுனிவரை ஓடும்.

இந்தச் செல் உடல்கள் உடலில் எங்கே இருக்கின்றன என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலில் ஓடும் நரம்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கே நரம்புச் செல்லின் உடல் ஒன்றுகூடத் தென்படாது. தென்படுபவை ஆக்சான்களும் அவற்றுக்குத் துணை நிற்கும் செல்களும் மட்டுமே. தசையை இயக்கும் செல்களின் உடல்கள் தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள சாம்பல் நிறப் பொருளில் இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் தண்டுவடம் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுவதால், பாதத்தின் சிறு தசைகளுக்கான செல் உடல்கள் இடுப்புக்கும் மேலே, முதுகின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கின்றன. தொடுதல், வலி, வெப்பம் ஆகியவற்றை உணர்த்தும் செல்களின் உடல்களோ தண்டுவடத்திற்கு வெளியே, முள்ளெலும்புகளின் இடுக்கில், முதுகு வேர் முடிச்சுகள் என்னும் சிறு திரட்சிகளில் கூடியிருக்கின்றன.

உணர்ச்சிச் செல்லின் வடிவம் பாடநூல் படத்திலிருந்து வேறுபட்டது. அதன் உடலிலிருந்து ஒரே ஒரு நீட்சி கிளம்பி, சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலை நோக்கிச் செல்ல, மற்றொன்று தண்டுவடத்திற்குள் நுழைகிறது. கால் பெருவிரலில் ஏற்படும் மென்மையான தொடுதலையும் அதிர்வையும் உணரும் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு நுனி விரலின் தோலில் இருக்கிறது. செல் உடல் கீழ் முதுகில் இருக்கிறது. மற்றொரு கிளை தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக எங்கும் நிற்காமல் ஏறி, மண்டையோட்டின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்தில்தான் அடுத்த செல்லைச் சந்திக்கிறது. கால் விரலிலிருந்து பிடரிவரை ஒரே செல் நீண்டிருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போது, எத்தனை முறை சொன்னாலும் எனக்குள் எழும் வியப்பு குறைவதில்லை.

இவை தனித்தனிச் செல்கள் என்பதே நெடுங்காலம் நிறுவப்படாமல் இருந்தது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873-இல் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு நரம்புத் திசுவைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் சிறப்பு, இருக்கும் செல்களில் மிகச் சிலவற்றை மட்டுமே, ஆனால் அவற்றை முழுமையாக, அது கறுக்கச் செய்தது என்பதில் இருக்கிறது. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் அந்த அடர்ந்த பின்னலில் எதுவும் புலப்பட்டிருக்காது. ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையைச் செம்மைப்படுத்தி, 1888 முதல் பறவைகளின் மூளையிலும் பிற விலங்குகளிடத்திலும் ஆராய்ந்து, ஒவ்வொரு செல்லும் தன் எல்லைக்குள் முடிகிறது, ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிவிடுவதில்லை என்று காட்டினார். கோல்ஜியோ கடைசிவரை வலைக் கொள்கையையே நம்பினார். 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த மேடையில் நின்றே கோல்ஜி கஹாலின் கருத்தை மறுத்துப் பேசினார். 1950-களில் மின்னணு நுண்ணோக்கி வந்த பிறகு, இரண்டு செல்கள் சந்திக்கும் சினாப்ஸ் பகுதியில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி கண்ணுக்கே தெரிந்தபோது கஹாலின் முடிவு உறுதியாயிற்று. அந்த இடைவெளியை அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள்கள் கடக்கின்றன. சினாப்ஸ் பற்றித் தனியாகவே எழுத வேண்டும் என்பதால் இங்கே இதோடு நிறுத்துகிறேன்.

நீளத்தால் எழும் முதல் சிக்கல் உணவும் பழுதுபார்ப்பும். ஆக்சானின் கொள்ளளவு செல் உடலின் கொள்ளளவைப் போலச் சில நூறு மடங்கு இருக்கக்கூடும். ஆயினும் அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் உருவாகிறது. எனவே அங்கிருந்து நுனிவரை ஓயாமல் சரக்கு சென்றுகொண்டே இருக்க வேண்டும். பால் வைஸ் என்பவரும் ஹெலன் ஹிஸ்கோவும் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கின் நரம்பை ஓரிடத்தில் இறுக்கியபோது, செல் உடலை நோக்கிய பக்கத்தில் ஆக்சான்கள் பருத்து வீங்கியதைக் கண்டார்கள். உள்ளிருந்து ஏதோ ஒன்று இடையறாமல் நுனியை நோக்கி நகர்கிறது, தடுத்தால் தேங்குகிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. இன்று நாம் அறிந்திருப்பது இதைவிட விரிவானது. ஆக்சானின் உள்ளே நீளவாக்கில் நுண்குழல்கள் செல்கின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு, கினெசின் என்னும் புரதம் சரக்கை நுனியை நோக்கியும், டைனீன் என்னும் புரதம் செல் உடலை நோக்கியும் இழுத்துச் செல்கின்றன. கினெசின் 1985-இல் கணவாய் என்னும் கடல் உயிரியின் நரம்புத் திசுவிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. சிறு பைகள் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர்வரை விரைகின்றன. ஆக்சானின் சட்டகமாக அமையும் புரதங்களோ ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நகர்கின்றன. அப்படியானால் முதுகில் உருவான சட்டகப் புரதம் ஒன்று கால் விரலை அடைய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும்.

இந்தப் போக்குவரத்தைக் கிருமிகளும் பயன்படுத்திக்கொள்கின்றன. வெறிநாய்க்கடியில் உடலுக்குள் புகும் ரேபிஸ் வைரஸ், இரத்தத்தின் வழியே மூளைக்குப் போவதில்லை. கடித்த இடத்தின் தசையிலும் தோலிலும் உள்ள நரம்பு நுனிகளுக்குள் நுழைந்து, ஆக்சானின் உள்ளே திரும்பும் சரக்கோடு சரக்காகச் செல் உடலை அடைந்து, அங்கிருந்து அடுத்த செல்லுக்குத் தாவி மூளையை எட்டுகிறது. முகத்திலோ கழுத்திலோ கடிபட்டவர்களுக்கு நோய் விரைவில் வெளிப்படக்கூடும் என்பதற்கும், காலில் கடிபட்டவர்களுக்குப் பொதுவாகக் கூடுதல் நாள்கள் கிடைப்பதற்கும் இந்தத் தொலைவே முக்கியக் காரணம். காலில்தானே கடித்தது என்று காத்திருக்கலாம் என்பது இதற்குப் பொருளன்று. வைரஸ் ஆக்சானுக்குள் நுழைவதற்கு முன்பு புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுவதும், தாமதியாமல் தடுப்பூசியும், தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியாக இருந்தால் புண்ணிலேயே செலுத்தும் எதிர்ப்புப் புரத ஊசியும் பெறுவதும்தான் உயிரைக் காக்கும்.

நீளத்தால் எழும் இரண்டாவது சிக்கல் வேகம். ஆக்சானின் சவ்வு ஓய்விலிருக்கும்போது உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று, சுழற்சி ஒன்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவந்து, இந்தச் சமனின்மையை ஓயாமல் காத்துவருகிறது. துடிப்பு என்பது, சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் நொடிப்பொழுது திறந்து மூட, அந்த மின்னழுத்தம் தலைகீழாகி மீள்வது. ஓரிடத்தில் நிகழ்வது பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அடுத்ததைத் தூண்ட, இவ்வாறு துடிப்பு முன்னேறுகிறது. 1850-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் இந்த வேகத்தை முதன்முதலாக அளந்தபோது, அது வினாடிக்குச் சில பத்து மீட்டர் மட்டுமே எனத் தெரியவந்தது அக்கால அறிஞர்களைத் திகைக்கவைத்தது. நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று எண்ணியிருந்தவர்களுள் அவருடைய ஆசிரியர் யோகன்னஸ் முல்லரும் ஒருவர்.

துடிப்பின் வேகத்தைக் கூட்ட இயற்கையில் இரண்டு வழிகள் காணப்படுகின்றன. ஒன்று, ஆக்சானைப் பருமனாக்குவது. கணவாயில் சில ஆக்சான்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பருத்திருக்கின்றன. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் துடிப்பின் இயக்கத்தை 1952-இல் கணக்கிட்டுக் காட்டியது அந்த ஆக்சான்களை ஆராய்ந்துதான். அவ்வளவு பருமன் இருந்தும் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர்தான். நம் காலில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஆக்சான்களும் அப்படிப் பருக்க வேண்டுமென்றால் கால் என்ற உறுப்பில் வேறெதற்கும் இடமிருக்காது. இரண்டாவது வழி மையலின் உறை. ஸ்வான் செல் என்னும் துணைச் செல், ஆக்சானின் ஒரு சிறு நீளத்தைத் தன் சவ்வால் பல பத்துச் சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றுகிறது. கொழுப்பு மிகுந்த அச்சவ்வு மின்கசிவைத் தடுக்கிறது. ஒரு ஸ்வான் செல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவில் வெறுமையான ஓர் இடம் விடப்படுகிறது. பிரான்சின் லூயி ரேன்வியர் 1870-களில் விளக்கிய கணுக்கள் இவையே. சோடியம் வாயில்கள் இக்கணுக்களில்தான் குவிந்திருக்கின்றன. ஆகவே துடிப்பு வழிநெடுகப் புதுப்பிக்கப்படத் தேவையின்றி, ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளித்தள்ளி இருக்கும் கணுக்களில் மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. கணவாயின் ஆக்சானைவிடப் பல பத்து மடங்கு மெல்லிய நம் ஆக்சான்கள், இந்த உறையின் உதவியால் வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் துடிப்பைக் கடத்துகின்றன.

எல்லா ஆக்சான்களுக்கும் இந்த உறை கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோலுக்குச் செல்லும் நரம்புகளில் உறையற்ற மெல்லிய ஆக்சான்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றையும் ஸ்வான் செல்கள் விட்டுவிடுவதில்லை. ஒரே செல் பல மெல்லிய ஆக்சான்களைத் தன் மடிப்புகளுக்குள் ஒவ்வொன்றாக வைத்துக் காக்கிறது, ஆனால் சுற்றுவதில்லை. இவற்றின் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே. நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டவர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். முதலில் சுருக்கென்று ஒரு கூரிய வலி வந்து காலை இழுக்கச் செய்கிறது; அது மெல்லிய உறையுடைய ஆக்சான்களின் வேலை. அடுத்து, ஒரு மூச்சு இடைவெளிக்குப் பின், விண்விண்ணென்று பரவி நெடுநேரம் நீடிக்கும் வலி வருகிறது. அது உறையற்ற ஆக்சான்களில் மெதுவாக நடந்து வந்தது. ஒரே அடி, இரண்டு வகை ஆக்சான்கள், இரண்டு வருகை நேரங்கள். கைகளில் இந்த இடைவெளி குறைவாகவும் பாதத்தில் தெளிவாகவும் இருப்பதற்குத் தொலைவே காரணம்.

இதுவரை சொன்னது செல். நரம்பு என்பது வேறு நிலையில் உள்ள ஓர் உறுப்பு. கண்ணால் பார்க்கும் நரம்பு வெண்மையாக, பளபளப்பாக, தொட்டால் உறுதியாக இருக்கும். தோலுக்கடியில் நீலமாகத் தெரிபவை இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரைகள், அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலிலேயே பருமனான சயாட்டிக் நரம்பு, இடுப்பு முள்ளெலும்புகளுக்கும் அவற்றின் கீழுள்ள திரிக முள்ளெலும்புகளுக்கும் இடையிலிருந்து வரும் ஐந்து வேர்கள் கூடி உருவாகி, புட்டத்தின் ஆழத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் இறங்கி, பெரும்பாலோருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. அதைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், உள்ளே தனித்தனிக் கட்டுகள் தெரியும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஆக்சான்கள். தசைக்குச் செல்பவை, தோலிலிருந்து வருபவை, இரத்தக் குழாய்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் ஆள்பவை என எல்லாமும் அதில் கலந்தே ஓடுகின்றன.

இவற்றை மூன்று போர்வைகள் காக்கின்றன. ஒவ்வோர் ஆக்சானையும் அதன் ஸ்வான் செல்லையும் சுற்றி மெல்லிய இழைகளாலான என்டோநியூரியம். கட்டு ஒன்றைச் சுற்றிப் பெரிநியூரியம். கட்டுகள் அனைத்தையும் இணைத்து வெளிப்புறம்வரை நிரம்பியிருக்கும் எபிநியூரியம். இவற்றுள் நடுவிலுள்ள பெரிநியூரியத்தையே மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். பாடங்களில் அதற்குக் கிடைக்கும் இடம் போதாது. தட்டையான செல்கள் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று நீர் கசியாதபடி இணைந்து உருவாகும் சுவர் அது. சுற்றுப்புறத்தில் சீழ் பிடித்தாலும் கட்டுக்குள் எளிதில் புகாதபடி தடுப்பதும், ஆக்சான்களைச் சுற்றியுள்ள திரவத்தின் உப்பு அளவு மாறாமல் காப்பதும் அதுதான். எபிநியூரியமோ கொழுப்பும் தளர்வான இழைகளுமாக இருப்பதால் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. நரம்புக்கு உணவளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதன் வழியாகவே வருகின்றன. சம்மணமிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போய், எழுந்ததும் குறுகுறுப்பது, அழுத்தத்தால் நரம்புக்கான அந்த இரத்த ஓட்டம் தடைப்பட்டு மீள்வதால்தான்.

கட்டுகளுக்குள் ஆக்சான்கள் நேர்கோடாகச் செல்வதில்லை. மெல்லிய அலைபோல வளைந்தே செல்கின்றன. முழங்கையை மடக்கும்போது அதன் பின்புறமாக ஓடும் அல்நார் நரம்பு இழுபட்டாலும் ஆக்சான்கள் அறுந்துவிடாமல் இருப்பதற்கு இந்த வளைவு உதவுகிறது. இன்னொன்று, கட்டுகள் தொடக்கம்முதல் முடிவுவரை தனித்தனியே ஓடுவதில்லை. பிரிந்தும் கூடியும் ஆக்சான்களைப் பரிமாறிக்கொண்டும் செல்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லாந்து 1945-இல் கை நரம்புகளைத் துண்டு துண்டாக வெட்டி வரைந்து காட்டியதன்படி, சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலே கட்டுகளின் அமைப்பு மாறிவிடுகிறது. வெட்டுண்ட நரம்பைத் தைக்கும் அறுவை மருத்துவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இடையில் ஒரு துண்டு நசுங்கிப் போய்விட்டால் இரண்டு முனைகளிலும் உள்ள கட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதே இல்லை.

வெட்டுப்பட்டால் என்ன ஆகிறது என்பதை 1850-இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்பில் கண்டறிந்தார். வெட்டுக்குக் கீழே, செல் உடலிலிருந்து துண்டிக்கப்பட்ட ஆக்சான் முழுவதுமாகச் சிதைந்துவிடுகிறது. மேலே, உடலோடு சேர்ந்திருக்கும் பகுதி பிழைத்திருக்கிறது. சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த நமக்கு இதில் புதிர் இல்லை. வியக்க வேண்டியது அடுத்து நடப்பதை. ஆக்சான் அழிந்தாலும் அதைச் சுற்றியிருந்த ஸ்வான் செல்கள் சாவதில்லை. சிதைவுகளை அகற்றி, பெருகி, பழைய வழித்தடத்திலேயே வரிசையாக நின்று, மேலிருந்து வளர்ந்துவரும் புதிய ஆக்சான் நுனிக்கு வழிகாட்டுகின்றன. என்டோநியூரியக் குழல்கள் அறுபடாமல் ஆக்சான் மட்டும் நசுங்கியிருந்தால், ஆக்சான் தன் பழைய இலக்கையே சென்றடைகிறது. குழல்களும் அறுந்திருந்தால் தசைக்கான ஆக்சான் தோலுக்கும், தோலுக்கான ஆக்சான் தசைக்கும் வழி தவறிப் போகிறது. ஹெர்பர்ட் செடன் 1943-இல் நரம்புக் காயங்களை மூன்றாக வகுத்தது இந்த அடிப்படையில்தான்: உறை மட்டும் பாதிக்கப்பட்டுத் துடிப்பு தடைப்படுவது, ஆக்சான் அறுந்து போர்வைகள் தப்பியிருப்பது, எல்லாமே அறுந்து போவது.

1903-இல் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட், தம் முன்கையின் தோல் நரம்புகளைத் தாமே விரும்பி அறுக்கச் செய்துகொண்டு, உணர்ச்சி எந்த வரிசையில் திரும்புகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் வில்லியம் ரிவர்ஸுடன் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். அவர் எட்டிய முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் முதலில் முரட்டு வலியும் பிறகே நுட்பமான தொடு உணர்வும் திரும்பியதாக அவர் குறித்தது, ஆக்சான்களில் வகைகள் உண்டு என்று தெளிவாக அறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்த துணிச்சலான பதிவு.

புதிய ஆக்சான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மெதுவாக நகரும் சட்டகப் புரதங்களின் வேகமும் இதே அளவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அக்குளருகே அறுந்த நரம்பு உள்ளங்கையை எட்ட 600 நாள்கள் ஆகலாம். தசையோ நரம்பின்றி ஓர் ஆண்டோ ஒன்றரை ஆண்டோ கடந்துவிட்டால் மீண்டும் இணைப்பை ஏற்கும் தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. விபத்தில் தோள்பட்டை நரம்புகள் அறுந்த இளைஞர்களுக்கு முழங்கை மடங்கத் தொடங்கிய பின்னும் விரல்கள் அசையாமலே போவதற்கு இந்தக் கணக்கே காரணம். நரம்பு அறுந்தது உறுதியானால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

நரம்பின் அமைப்பையும் நரம்புச் செல்லின் அமைப்பையும் ஒருசேரத் தாக்கும் நோய் என்று தொழுநோயைச் சொல்ல வேண்டும். அதன் பாக்டீரியம் ஸ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறுகிறது. குளிர்ச்சியான இடங்களில் நன்கு பெருகுவதால், தோலுக்கு அருகில் ஓடும் இடங்களில்தான் நரம்பு முதலில் தடிக்கிறது: முழங்கைக்குப் பின்னால் அல்நார் நரம்பு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம், கழுத்தின் பக்கவாட்டு. உள்ளே அழற்சியால் வீக்கம் ஏற்பட, எளிதில் விரியாத பெரிநியூரியத்திற்குள் அழுத்தம் கூடி ஆக்சான்கள் நசுங்குகின்றன. விரல்கள் மடங்கிப் போவதும் உணர்ச்சி இழப்பதும் அதன் விளைவுகள். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் பணியாற்றியபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாத கையில் சூடும் வெட்டும் அழுத்தமும் மீண்டும் மீண்டும் உண்டாக்கும் காயங்களால்தான் அழிகின்றன என்பதை நிறுவினார். வேலை செய்யும் தசையின் தசைநாரை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறைகளை அவரும் அவருடன் இருந்தவர்களும் அங்கே வளர்த்தெடுத்தார்கள். கூட்டு மருந்துகள் பாக்டீரியத்தைக் கொன்றுவிடுகின்றன. ஆனால் அழிந்த ஆக்சானை மருந்தால் மீட்க இயலாது என்பதால், மரத்துப்போன தேமலும் தடித்த நரம்பும் கண்ணில் படும்போதே சிகிச்சைக்குச் செல்வது அவ்வளவு இன்றியமையாதது.

இன்று நம்மிடையே மிகப் பரவலாக இருப்பது சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பு. அது இரண்டு கால்களின் விரல் நுனிகளில் ஒரே சமயத்தில் தொடங்குகிறது. ஏனெனில் உடலின் மிக நீண்ட ஆக்சான்கள் முடியும் இடம் அது. பாதிப்பு கணுக்காலைக் கடந்து முழங்காலை நெருங்கும் வேளையில்தான் கை விரல்களில் மதமதப்பு தொடங்குகிறது. முதுகிலிருந்து அளந்தால் அவ்விரண்டின் தொலைவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மருத்துவர் பாதத்தில் நைலான் இழையை வளையும் அளவுக்கு அழுத்துவதும், அதிரும் இசைக்கவையைக் கால் விரல் எலும்பின் மேல் வைப்பதும், பருமனான, உறையுடைய ஆக்சான்களின் நிலையை அறிவதற்காக. கால் எரிச்சலையும் சூட்டையும் உணர்த்துபவையோ உறையற்ற மெல்லிய ஆக்சான்கள். நரம்புக் கடத்தல் சோதனையில் பதிவாவது பருமனான ஆக்சான்களின் துடிப்பு மட்டுமே. ஆகையால் இரவெல்லாம் பாதம் எரிகிறது என்று துன்பப்படும் ஒருவரின் சோதனை முடிவு சரியாகவே இருக்கக்கூடும். எங்கள் குடும்பத்திலும் பெரியவர் ஒருவருக்கு அப்படித்தான் வந்தது, எல்லாம் மனப்பிரமை என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவருக்கு எரிச்சல் உண்மையாகவே இருந்தது. அதை ஏந்தி வரும் மெல்லிய ஆக்சான்களை அந்தச் சோதனையால் பார்க்க முடிவதில்லை. அவற்றைக் காண வேண்டுமானால் கணுக்காலுக்கு மேலே தோலில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதற்குள் எஞ்சியிருக்கும் ஆக்சான் நுனிகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்.